நாம கழற்றிய கூண்டு

எங்கள் மில்லுக்காரருக்கு 'நான்' என்ற சொல் வாயில் நுழையாது. எதற்கெடுத்தாலும் 'நாம'தான். "நாம இந்த மூட்டைய அந்தப் பக்கம் நவுத்திடலாம்" என்பார். நகர்த்துகிறவர் என் வீட்டுக்காரர். "நாம என்ஜினுக்குத் தண்ணி ஊத்திடலாம்" என்பார். கிணற்றடியிலிருந்து குடம் சுமந்து வருகிறவரும் என் வீட்டுக்காரர்தான். "நாம ஒரு டீ சாப்பிடலாமா?" என்று கேட்டால் மட்டும் உண்மையாகவே இரண்டு டம்ளர் வரும். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. எனக்கு அப்போதே வாய் அதிகம். "உங்க மொதலாளி சொல்ற 'நாம'வுல அவரு எங்கங்க இருக்காரு?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். என் வீட்டுக்காரர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "வாயில இருக்காரு" என்றார்.

"அப்ப நீங்க?"

"நான் கையில இருக்கறேன்."

புரையேறுகிற வரைக்கும் சிரித்தோம். வெகுநாள் அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஓடிய கேலி. பானையில் தண்ணீர் இல்லாவிட்டால் அவர் என்னைப் பார்த்து, "நாம தண்ணி கொண்டாந்துடலாமா?" என்பார். நான் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுப்பேன். போய்க் கொண்டுவருவார். அப்படிப்பட்ட மனுஷன்.

அது அறுபதுகளின் கடைசி. தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கம்பைநல்லூர் போகிற ரோட்டோரம் எங்கள் ஊர். ஊர்க் கோடியில் தகரம் போட்ட ஒரு கொட்டகை, அதுதான் மில். ஒரு பக்கம் கேழ்வரகும் கம்பும் அரைக்கிற கல், மறுபக்கம் நிலக்கடலை உடைக்கிற மிஷின். இரண்டுக்கும் நடுவே ஆயில் என்ஜின். என்ஜினின் பெரிய சக்கரத்திலிருந்து அகலமான ஒரு பெல்ட் கொட்டகையின் குறுக்கே ஓடி மிஷினைச் சுழற்றும். அரைக்க வந்த பெண்கள் தகர டின்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் தலையிலும் மாவு படிந்து, சின்னப் பெண்களுக்கும் நரைத்தது போலிருக்கும். என்ஜின் சத்தத்தில் ரகசியம் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் ஊரில் யாருக்கும் ரகசியம் கிடையாது.

என் வீட்டுக்காரர் அவரை மொதலாளி என்பார். நான் அண்ணா என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். அவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஊற்றுகிற கூழில் முதல் சொம்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

பெல்ட்டும் சக்கரமும் சேருகிற இடத்தை மூடி ஒரு கூண்டு இருந்தது. இரும்புச் சட்டத்தில் கம்பிவலை அடித்து, மேலே வளைவாக, அடியில் நட்டுப் போட்டு இறுக்கியது. என்ஜினைப் பூட்ட சேலத்திலிருந்து வந்த பிட்டர், "இத கழட்டிட்டு என்ஜின ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆனால் மாவுத் தூசி படிந்து பெல்ட் வழுக்கும். வழுக்கினால் அதற்கு மெழுகு தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழற்றி, கூண்டைத் தூக்கி, மெழுகு தேய்த்து, மறுபடி மாட்டி இறுக்குவதற்குள் வரிசையில் இருக்கிற பெண்கள், "எங்க கேவுர இன்னைக்கு அரைப்பீங்களா, இல்ல வூட்டுக்குப் போயி திருகையில அரைச்சுக்கறதா?" என்று பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கூண்டை மில்லில் ஒருவருக்கும் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கோழிக்குஞ்சுகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தேன். என் பஞ்சாரத்தின் அடிப்பக்கத்தைக் கறையான் தின்று தீர்த்திருந்ததால் குஞ்சுகளை மூடிவைக்க ஒன்றுமில்லை. மறுநாள் வேலையைப் பற்றிப் பேச வந்த மில்லுக்காரர் வாசலில் நின்றார். அவர் கண்ணெதிரிலேயே பருந்து சர்ரென்று இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் அந்தப் பருந்தைத் திட்டிய திட்டில் பூசைக்குப் போன புண்ணியம் எல்லாம் போயிற்று.

அவர் முகம் வாடிவிட்டது. பிறர் வீட்டுக் கோழிக்குஞ்சுக்காக அப்படி வருத்தப்படுகிற இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை. "தங்கச்சி, நாம ஒண்ணு செய்யலாம்" என்றார். "மில்லுல பெல்ட்டு மேல அந்தக் கூண்டு சும்மாதான கெடக்குது. நாம அத கழட்டிக் கொண்டாந்து இங்க கவுத்துடலாம். எந்தப் பருந்து வருதுன்னு பாத்துடலாம்."

என் வீட்டுக்காரர், "பெல்ட்டு தொறந்து கெடக்குமேங்க, வேணாங்க" என்றார்.

"நாம என்ன கொழந்தைங்களா? பாத்து வேல செய்யமாட்டமா?"

அன்று சாயங்காலமே வேலை நடந்தது. நட்டைக் கழற்றியது என் வீட்டுக்காரர். கூண்டைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவழியே வந்ததும் அவர். ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது மில்லுக்காரர். வளைவுக் கூண்டு அளவெடுத்துச் செய்தது போல் முற்றத்தில் உட்கார்ந்தது. அதன் இரண்டு பக்கத் திறப்புக்கும் மூங்கில் தப்பையை வைத்துக் கட்டி, தாய்க்கோழியை உள்ளே விட்டதும், மில்லுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம், "நம்ம குஞ்சுங்க எப்படி இருக்குது?" என்று கேட்காமல் போகமாட்டார். ஒன்றுகூடப் பருந்துக்குப் போகவில்லை. எல்லாம் வளர்ந்து முட்டையிட்டன, முதல் முட்டைகளை நான் அண்ணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மில்லிலும் எல்லாருக்கும் சௌகரியம். கழற்ற வேண்டியதில்லை, மாட்ட வேண்டியதில்லை. கூண்டு ஒன்று இருந்தது என்பதையே மறந்துவிட்டார்கள்.

அடுத்த கடலைப் போகத்தில் மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மூட்டை ஏற்றிய வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. ஈரக்காற்றில் பெல்ட் வழுக்கியது. என்ஜினை நிறுத்தினால் மறுபடி கைபிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும், அதற்குள் வண்டிக்காரர்கள் சத்தம் போடுவார்கள். மில்லுக்காரர் தராசுப் பக்கத்திலிருந்து, "நாம கொஞ்சம் மெழுகு போட்டுடலாம்" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் மெழுகுக் கட்டியை ஓடுகிற பெல்ட்டில் வைத்தார். பெல்ட் மெழுகோடு கையையும் இழுத்துக்கொண்டது. வலது கையில் நாலு விரல் போயிற்று. கட்டைவிரல் மட்டும் தப்பியது.

என்னிடம் ஓடிவந்து சொன்ன பெண் தலையெல்லாம் மாவாக நின்று அழுதாள். நான் ரோட்டுக்குப் போவதற்குள் கடலை ஏற்ற வந்த லாரியிலேயே அவரை ஏற்றிவிட்டார்கள். பின்னால் மூட்டைகளின் மேல் மில்லுக்காரர் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்திருந்தார். அவருடைய துண்டு கையைச் சுற்றியிருந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் அடிபட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா கிடந்தார். மடியில் வைத்திருந்தவர்தான் அழுதுகொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவர் வந்தார். பிரெட்டும் பிளாஸ்கில் பாலும் கொண்டுவருவார். கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து, நாரைக்கூட எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுளையாக என் வீட்டுக்காரர் வாயில் வைப்பார். "நாம சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாம்" என்பார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடுவதா, சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. அன்று அந்த ஆள்மேல் வந்த பாசமும் கோபமும் இன்றுவரைக்கும் எனக்குள் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

கட்டுப் பிரித்த அன்று என் வீட்டுக்காரர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தக் கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, "இதுக்கு ஒரு வெரலு போதும். சாமி யோசிச்சுத்தான் விட்டிருக்காரு" என்றார். என்னை அழவிடாமல் இருப்பதற்காகச் சொன்னது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு குறைந்தது. இடது கையால் சாப்பிட அவருக்குக் கூச்சம். நான் ஊட்டிவிடுவேன், வாசலில் யாராவது வந்தால் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துண்டை எப்போதும் வலது கைமேல் போட்டு மறைத்தே வைத்திருப்பார். மூட்டை தூக்க முடியாது, கைபிடி சுற்ற முடியாது. "இனி மில்லுல எனக்கு என்ன வேல இருக்குது?" என்று கேட்டார்.

அப்போதுதான் கோலார் தங்கவயலிலிருந்து என் அண்ணன் வந்தார். சுரங்கத்தில் வேலை. அங்கே கை கால் போவதும் அதற்காகக் கேட்டு வாங்குவதும் அன்றாடம் பார்க்கிற விஷயம். கன்னடம் கலந்து பேசிப் பழகியவர். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "பெல்ட்டுக்கு மூடி, கார்டு ஒண்ணும் போடலியா?" என்றார். நான் முற்றத்தைக் காட்டினேன். கூண்டுக்குள் தாய்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அண்ணன் கொஞ்சநேரம் அதையே பார்த்தார். சிரிப்பு வந்தது போலிருந்தது, பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"மாப்ள, சும்னெ இருக்காதீங்க. மிஷினுக்கு மூடி போட்டு வெக்க வேண்டியது மொதலாளியோட பொறுப்பு. மூடி இல்லாம கை போச்சுன்னா காம்பன்சேஷன் அவரு குடுத்தாகணும். அது தர்மம் இல்ல, சட்டம்."

"அவரு தெனம் வந்து பாக்கறாருப்பா. பிரெட்டு, பாலு எல்லாம்..."

"பிரெட்டு வேற, கை வேற."

சேலத்தில் அதற்கென்று இருந்த ஆபீசில் அண்ணன்தான் கூட்டிப்போய் மனுக் கொடுக்க வைத்தார். மனு போன செய்தி வந்த நாளிலிருந்து மில்லுக்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. குஞ்சுகளை விசாரிக்கவும் ஆள் இல்லை. மில்லுக்காரர் வீட்டு அண்ணியின் தம்பி ஒருவர் சேலத்தில் இருந்தார், அவர் பிடித்துக்கொடுத்த வக்கீல் பதில் போட்டார். அது இங்கிலீஷில் இருந்தது. அண்ணன் படித்துச் சொன்னார். இந்த ஆளே தன் இஷ்டத்துக்குக் கூண்டைக் கழற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டான், வேண்டுமென்றே பாதுகாப்புக் கூண்டை அகற்றிய தொழிலாளிக்கு முதலாளி பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது, அதனால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. இதுதான் பதில்.

தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டான் என்பதற்கு ஊர்ப் பேச்சில் ஒரே அர்த்தம்தான். காம்பன்சேஷன் வராவிட்டால் கஷ்டம், ஆனால் நான் களையெடுக்கப் போவேன், எப்படியாவது பிழைத்துக்கொள்வோம். கையையும் கொடுத்து, திருடன் என்ற பேரையும் வாங்கிக்கொண்டு இந்த மனுஷன் இதே தெருவில் எப்படி நடப்பார்? அவர் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் போய்க் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் நேரே மில்லுக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ண்ணா, கூண்ட எங்க வூட்டுக்காரரு திருடிக்கிட்டு வந்தாருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"அப்படியெல்லாம் எழுதலியே, தங்கச்சி."

"இங்கிலீசுல எழுதியிருக்குது."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "வக்கீலுதான் என்னென்னமோ சொன்னாரு. ஒத்துக்கிட்டா லைசென்ஸு போயிடும்னாங்க. மில்லு போச்சுன்னா நாம எல்லாரும் என்ன பண்றது?"

"இந்த 'நாம'வுல நாங்களும் இருக்கமாண்ணா?"

அண்ணி மோர் கொண்டுவந்து நீட்டினார். அந்த வீட்டில் கொடுத்ததைக் குடிக்காமல் நான் வந்தது அன்றுதான்.

விசாரணை நாள் வந்தது. நேரத்துக்குச் சேலம் போய்ச்சேர எங்கள் ஊருக்கு ஒரே பஸ்தான். ஆகவே வழக்குப் போட்டவர்களும் வழக்கில் மாட்டியவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் வந்ததும் முன்னால் இருந்த மில்லுக்காரர் பழக்கதோஷத்தில், "நாலு சேலம்" என்றார். என் அண்ணன் எழுந்து, "எங்களுக்கு நாங்க எடுத்துக்கறோம்" என்று மூன்று டிக்கெட் வாங்கினார். அந்த 'நாங்க' மில்லுக்காரரைச் சுட்டது எனக்கே தெரிந்தது. கையை மடக்கிக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் கூட்டம். எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றார். தொப்பூர் வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவர் ஒரு பக்கம் சாய்வார், வலது கை தானாகப் பிடிக்கப் போகும், பிடிக்க விரல் இருக்காது. இரண்டு வளைவு மில்லுக்காரர் பார்த்தார். மூன்றாவது வளைவுக்கு முன் எழுந்துவந்து, என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்த் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். சேலம் வரைக்கும் அவருடைய தொந்தி என் வீட்டுக்காரர் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

ஆபீஸ் அறையில் பழைய மின்விசிறி ஒன்று சத்தத்தோடு சுற்றியது. அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, வயதான, களைத்த மனுஷர். முதலில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். மொதலாளி சொல்லித்தான் கழற்றினேன் என்று சொல்லும்படி அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். கடவுள் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டதும் மில்லுக்காரருடைய வக்கீல் கேட்டார், கூண்டைக் கழற்றியது யார் என்று.

"நாந்தாங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது?"

"அதுவும் நாந்தாங்க. தலைமேல வெச்சுக்கிட்டுப் போனேங்க."

அதிகாரி குறுக்கிட்டு, யார் சொல்லிக் கழற்றினாய் என்று கேட்டார். "மொதலாளி சொன்னாருங்க. 'நாம கழட்டிடலாம்'னு" என்றார் இவர்.

வக்கீல் விடவில்லை. "'நீ கழட்டு'ன்னு சொன்னாரா?"

"இல்லைங்க. அவரு ஒரு நாளும் அப்படிச் சொல்லமாட்டாருங்க."

பொய் சொல்லத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டதற்காக அன்றுதான் நான் வருத்தப்பட்டேன். அதிகாரி பக்கம் திரும்பி, உத்தரவு என்று எதுவும் இல்லை, பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஆள் தன் வசதிக்குச் செய்துகொண்டான் என்று வக்கீல் அழகாக விளக்கினார். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்து மில்லுக்காரர். அவரும் சத்தியம் செய்தார். வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார். கழற்று என்று உத்தரவு போட்டீர்களா? "இல்லைங்க." உங்கள் கையால் கழற்றினீர்களா? "இல்லைங்க." வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "'நாம கழட்டிடலாம்'னு நீங்க சொன்னது உண்டா?"

"உண்டுங்க."

"அந்த 'நாம' யாரு? நீங்களும் அவரும் சேர்ந்தா?"

வக்கீல் எழுந்து, அது பொதுவாக எல்லாரும் சொல்வதுதான் என்று ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மில்லுக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரருக்கு வேர்த்திருந்தது. துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து, அந்தக் கட்டைவிரலால் புருவத்து வேர்வையை வழித்துவிட்டுக்கொண்டிருந்தார். மில்லுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க மில்லுல 'நாம'ன்னா" என்றார், "வாய் என்னுதுங்க. கை அவருதுங்க."

அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா அப்படித்தானுங்க. நான் சொல்லி அவரு செய்யாதது ஒண்ணும் கெடையாது. கழட்ட வேணாம்னுதான் அவரு சொன்னாரு. நாந்தான் கழட்ட வெச்சேன். அவரு எடுத்துக்கிட்டுப் போகலைங்க, நாந்தான் குடுத்தேன். கோழிக்குங்க."

"எதுக்கு?" என்றார் அதிகாரி.

"கோழிக்குங்க. குஞ்சப் பருந்து தூக்கிக்கிட்டுப் போச்சுங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து எழுத ஆரம்பித்தார். வக்கீல் தன் காகிதங்களை அடுக்கினார். எங்கள் வீட்டுக்குள் நாங்கள் இருவரும் சொல்லிச் சிரித்த வாயும் கையும் மில்லுக்காரருக்கு எப்படித் தெரிந்தது? நான் சொல்லவில்லை, இவரும் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கும் அது முதலிலிருந்தே தெரிந்துதான் இருந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். லாரியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் அங்கே உட்கார்ந்து, துண்டால் மூடாமல், எல்லாரும் பார்க்க அழுதுகொண்டிருந்தார். எனக்கு அந்தக் கணத்தில் இரண்டு பேர்மேலும் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மில்லுக்காரர் தயங்கித் தயங்கி, "நாலு..." என்றார். என் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்தார்.

உத்தரவு பிற்பாடு வந்தது. மில்லுக்காரர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. அவர் கட்டினார், நாங்கள் அதில் ஒரு கறவை மாடு வாங்கினோம். லைசென்ஸ் போகவில்லை. ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கத்திவிட்டு, இனி மூடாமல் ஓட்டினால் இழுத்துச் சாத்திவிடுவேன் என்று சொல்லிப் போனார். என் வீட்டுக்காரர் தராசுப் பக்கம் உட்கார்ந்து, இடது கையால் எடை போடப் பழகிக்கொண்டார். மொதலாளிக்கும் அவருக்கும் சேர்ந்தே வயதாயிற்று.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த உத்தரவு அல்ல, சேலம் போய்வந்த மறுநாள். காலையில் மில்லுக்காரர் புது மூங்கில் பஞ்சாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, கோழிய இதுக்கு மாத்திக்கோ. கூண்ட நான் எடுத்துக்கறேன்" என்றார். நான் மோர் கொடுத்தேன், குடித்தார். மூங்கில் தப்பையை அவரே அவிழ்த்தார். கூண்டைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். உள்ளே காய்ந்திருந்த கோழி எச்சமெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டையில் உதிர்ந்துகொண்டே போயிற்று. ஸ்பேனரை இடது கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பின்னால் போனார். அரைக்க வேண்டிய கேழ்வரகு டின்னை எடுத்துக்கொண்டு நானும் போனேன். தெருவில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

மில்லில் கூண்டைப் பெல்ட்டின் மேல் இறக்கி, நட்டுகளை மில்லுக்காரர் கையாலேயே திருகினார். பழக்கமில்லாத வேலை, இரண்டு தடவை நட்டைக் கீழே போட்டுத் தேடினார். எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து, கூண்டைக் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது. ஸ்பேனரை அவரிடம் நீட்டினார்.

"மொதலாளி, நாம இத இன்னும் கொஞ்சம் இறுக்கிடலாங்களா?"

மில்லுக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்தார்.